ஒரு பாடமும் மற்ற நான்கும்

என் அக்கா பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய நான்கிலும் தேறினார். கணக்கில் மட்டும் தேறவில்லை. வீட்டில் எல்லோரும் ‘பெயில்’ என்று சொன்னார்களே தவிர, தேறிய நான்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மீண்டும் எழுத வழியிருந்தும், கூசிப்போய், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து அங்கன்வாடிப் பணிக்கு விண்ணப்பிக்க நினைத்தபோது, ‘பத்தாம் வகுப்பில் தேர்ச்சி’ என்ற தகுதி அவரிடம் இல்லை. அதற்குள் கடையின் கல்லாக் கணக்கு முழுவதும் அவர் பொறுப்பில் வந்திருந்தது.

பள்ளிப் படிப்பை முடிக்கத் தேர்வில் தேற வேண்டும் என்பதை நான் எதிர்க்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்காத நம் மாநிலத்தில், பிள்ளை கற்றதை வெளியார் ஒருவர் திருத்திப் பார்க்கும் முதல் இடம் பத்தாம் வகுப்புதான். கரோனாவால் 2020-இல் அந்தத் தேர்வு ரத்தானபோது, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடும் கணக்கிட்டு அனைவருக்கும் தேர்ச்சி வழங்கினார்கள். அன்று வேறு வழியில்லை. அதையே வழக்கமாக்கினால், படித்த பள்ளியின் பெயரே பிள்ளையின் தகுதியாக மாறிவிடும். அதில் இழப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

ஒரு பாடம் மற்ற நான்கையும் விழுங்கிவிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. தேறிய பாடங்களை மறுபடி எழுத வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மேல்வகுப்பிலும் சேர முடியாது, தேர்ச்சி கேட்கும் வேலைக்கும் போக முடியாது. கடலூரிலிருந்து முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. அங்குள்ள அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறி, 2025-இல் முதன்முறையாக அந்த வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதின. நம் பக்கம் தேர்ச்சிக்கு 35, அந்தப் பக்கம் 33. இந்த வேறுபாட்டைவிட நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று: ஆறாவதாகத் தொழிற்பாடம் ஒன்றைப் படித்துத் தேறியவர் கணக்கிலோ அறிவியலிலோ தவறினால், அதற்கு ஈடாகத் தொழிற்பாடத்தை ஏற்றுக்கொள்ள சிபிஎஸ்இ விதி இடம் தருகிறது. அக்கா படித்த காலத்தில் அவருக்கு இருந்தவை ஐந்து பாடங்களே.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி, கடலூரில் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அந்த வீடுகளின் பிள்ளைகளும் 2025 மார்ச் 28-இல் மற்றவர்களோடு தேர்வறைக்குப் போனார்கள். அவர்களில் ஒரு பாடத்தில் தவறியவரைப் பள்ளியே வீடு தேடிச் சென்று, ஜூலைத் துணைத்தேர்வு வரை அந்த ஒரு பாடத்தை உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்கிறேன். அக்காவைத் தேடி எந்த ஆசிரியரும் வரவில்லை.