பேட்டரி லேப்ல இருந்துக்கிட்டு சயின்ஸ் நியூஸ் படிக்கிறது

பேட்டரி டெஸ்டிங்ல வேலை பாக்குறேன்னு வாயத் திறந்தா போதும், "அந்த அஞ்சு நிமிஷத்துல ஃபுல் சார்ஜ் ஆகுற பேட்டரி எப்பங்க வரும்?"னு கேட்டுடுவாங்க. சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க, பக்கத்து டிபார்ட்மெண்ட் ஆளுங்கன்னு யாரும் பாக்கி இல்ல, கேக்குறதோட விடாம லிங்க்கும் அனுப்புவாங்க. திறந்து பாத்தா பொய்யும் கிடையாது, எங்கயோ ஒரு யுனிவர்சிட்டில உண்மையாவே நல்ல வேலை நடந்திருக்கும். ஆனா நான் தேடுற நாலு விஷயம் மட்டும் நியூஸ்ல இருக்காது: எத்தனை சைக்கிள் (ஒரு தடவ முழுசா சார்ஜ் ஏத்தி இறக்குனா ஒரு சைக்கிள்) ஓட்டுனாங்க, எவ்ளோ கரண்ட்ல, என்ன டெம்பரேச்சர்ல, எந்த மாதிரி செல்லுல.

இதுல கடைசி கேள்விதான் எனக்கு முக்கியம். நியூஸ்ல பளபளன்னு ஒரு கார் படம் போட்டிருப்பாங்க, பேப்பர எடுத்துப் படிச்சா எல்லாமே காயின் செல்லுல பண்ணது, அதாவது பட்டன் பேட்டரி சைஸ், கொள்ளளவு சில மில்லி ஆம்பியர் அவர்தான் இருக்கும், கையில வெச்சிருக்க போன்லயே நாலாயிரம் அஞ்சாயிரம் இருக்கு. சைஸ் சின்னதுங்கறது கூட பெரிய குறை இல்ல. காயின் செல்லுல எலக்ட்ரோலைட்ட, அதாவது உள்ள லித்தியம் நகர்ந்து போற திரவத்த, தாராளமா ஊத்துவாங்க, எதிர்ப்பக்கம் லித்தியம் ஃபாயில் தேவைக்கு மேல பல மடங்கு இருக்கும், அதனால ஒவ்வொரு சைக்கிள்லயும் கொஞ்சம் லித்தியம் வீணா போனாலும் ஸ்டாக்ல இருந்து நிரம்பிக்கும், நஷ்டம் கிராஃப்ல தெரியவே தெரியாது. அதே கெமிஸ்ட்ரிய எலக்ட்ரோலைட் அளந்து ஊத்தி, லித்தியம் கணக்கா வெச்சு, தட்டையான பை மாதிரி இருக்க பவுச் செல்லா பண்ணி எங்ககிட்ட அனுப்புவாங்க. நாங்க மேல மஞ்ச கலர் காப்டன் டேப்ல சூடு அளக்குற தெர்மோகப்பிள் ஒட்டி, டெம்பரேச்சர் மாறாத சேம்பருக்குள்ள வெச்சு, சார்ஜ் ஏத்தி இறக்குற மெஷினான சைக்ளர்ல சேனல் ஒதுக்கி ஓட்டி விடுவோம். கொஞ்ச நாள் கழிச்சு கதவத் திறந்தா சில செல் உள்ள கேஸ் சேர்ந்து தலகாணி மாதிரி உப்பிக் கிடக்கும். இந்தப் படத்த எந்த நியூஸ்லயும் போட மாட்டாங்க.

இன்னொன்னு 99.9 சதவீதம்ங்கற நம்பர், ஒவ்வொரு சைக்கிள்லயும் ஏத்துன சார்ஜ்ல எவ்ளோ திரும்பி வருதுங்கற கணக்கு. கேக்க எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க, ஆனா ஒரு சைக்கிளுக்கு 0.1 சதவீதம் போகுதுன்னு வெச்சு 1000 சைக்கிளுக்குப் பெருக்கிப் பாத்தா மிச்சம் 37 சதவீதம்தான் நிக்கும். 99.99-ஆ இருந்தா 90 நிக்கும். நிஜ செல் இவ்ளோ நேர்கோட்டுல எல்லாம் நடந்துக்காதுதான், ஆனாலும் அந்த ஒரு 9 கூடச் சேர்றதுக்கு ஆளுங்க வருஷக்கணக்கா மண்டைய உடைச்சுக்குறாங்க. சரி 1000 சைக்கிள் ஓட்டிப் பாத்துட வேண்டியதுதானேன்னா, மூணு மணி நேரம் சார்ஜ், மூணு மணி நேரம் டிஸ்சார்ஜ், நடுவுல ரெஸ்ட் வேற, ஒரு நாளைக்கு நாலு சைக்கிள் கூட முழுசா வராது, எட்டு மாசத்துக்கு மேல இழுக்கும். சூடேத்தி வேகமாக்கலாம், ஆனா 45 டிகிரில நடக்குற கெடுதலும் 25 டிகிரில நடக்குற கெடுதலும் ஒன்னேதானான்னு அதுக்கு ஒரு தனிப் பஞ்சாயத்து ஓடும். ஆக நியூஸ் ஒரே நாள்ல வந்துடுது, பதில் வர அடுத்த வருஷம் ஆயிடுது, பதில் வந்த அன்னைக்கு அதக் கேக்க ஆளு இருக்காது.

2023 ஜூலை கடைசில எல்கே-99 வந்தப்ப எங்க லேப்ல யாருக்கும் ரெண்டு மூணு நாளைக்கு வேலையே ஓடல. ரூம் டெம்பரேச்சர்ல, சாதாரண அழுத்தத்துல சூப்பர்கண்டக்டர், அதாவது தடையே இல்லாம கரண்ட் ஓடுற பொருள்னு கொரியாவுல ஒரு டீம் சொன்னாங்க, பாதி எழும்பி பாதி ஒட்டிக்கிட்டு நின்ன அந்தக் கருப்புத் துண்டு வீடியோவ ஆளாளுக்கு நிறுத்தி நிறுத்திப் பாத்தோம். அப்புறம் பல நாட்டு லேப்ல அதே பொருள செஞ்சு பாத்து, ரெசிஸ்டன்ஸ் திடீர்னு விழுந்ததுக்குக் காரணம் உள்ள கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு, அது 104 டிகிரி வாக்குல ஃபேஸ் மாறுதுன்னு கண்டுபுடிச்சாங்க. சில வாரத்துல கதை முடிஞ்சுது. நிறைய பேர் அத காமெடியா சொல்லுவாங்க, எனக்கென்னவோ சமீபத்துல பாத்த சயின்ஸ் நியூஸ்லயே உருப்படியானது அதுதான்னு படுது, ஏன்னா செய்முறைய வெளிப்படையா போட்டுட்டாங்க, ஈயம், செம்பு, பாஸ்பரஸ்னு வாங்கக்கூடிய சாமான்தான், சந்தேகம் இருக்கவன் செஞ்சு பாத்துக்கலாம்.

ஃப்யூஷன், அதாவது அணுக்கருவ ஒன்னோட ஒன்னு சேத்து எனர்ஜி எடுக்குறது, அந்த நியூஸ் வேற ரகம். 2022 டிசம்பர் 5 அன்னைக்கு அமெரிக்காவுல நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டில 2.05 மெகாஜூல் லேசர் அடிச்சு 3.15 மெகாஜூல் எடுத்தாங்க, பெரிய சாதனை, சந்தேகமே இல்ல. ஆனா அந்த லேசர ஓட்ட லைன்ல இருந்து இழுத்த கரண்ட் 300 மெகாஜூல் கிட்ட. எங்க தொழில்ல தினமும் நடக்குற சண்டைதான் இது, எஃபிஷியன்சிய செல் டெர்மினல்ல அளக்குறியா இல்ல சுவத்து பிளக்ல அளக்குறியான்னு. எங்க இருந்து அளந்தாங்கன்னு சொல்லாத நம்பருக்கு நான் மரியாதை தர்றதில்ல.

இப்படியே பேசிட்டிருந்தா கூட இருக்க பையன் ஒருத்தன் "அண்ணே, உங்களுக்கு எதுவுமே புடிக்காதா"ன்னு கேட்டான். அவன் கேட்டதுல நியாயம் இருக்கு, ஏன்னா எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியோட கதை ஒன்னு இருக்கு.

1997-ல ஜான் குட்இனஃப்ங்கற அமெரிக்க விஞ்ஞானியோட குரூப் இந்தப் பொருள் பத்தி பேப்பர் போட்டாங்க. தியரிப்படி கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர் அவர் வரணும், அவங்களுக்கு வந்தது 100, 110தான். அப்ப ஓடிட்டிருந்த கோபால்ட் ஆக்சைடு பேட்டரி அளவுக்கு வோல்டேஜும் கிடையாது, கரண்டும் உள்ள சரியா பாயல. அவங்களே அந்தப் பேப்பர்ல இது குறைஞ்ச பவர் பேட்டரிக்கு நல்லா இருக்கும்னுதான் எழுதுனாங்க. அப்புறம் துகள ரொம்பப் பொடியாக்கி கார்பன் பூச்சு குடுத்தாங்க, நிலமை மாறிடுச்சு. இன்னைக்கு கார், பஸ், கிரிட் ஸ்டோரேஜ்னு எங்க பாத்தாலும் அதுதான், நிக்கல் வேணாம், கோபால்ட் வேணாம், ஆக்சிஜன் பாஸ்பரஸோட இறுக்கமா கட்டிக்கிட்டு இருக்கறதால சூடானாலும் லேசுல வெளிய வராது, தீப்புடிக்கிற பயமும் கம்மி. என்னோட நாலு கேள்விய 1997-ல அது மேல போட்டிருந்தா சுத்தமா ஃபெயில். நான் பாக்குறது பொருள் கடைக்கு ரெடியாங்கறத, அவங்க சொன்னது இப்படி ஒரு பொருள் இருக்குங்கறத. ரெண்டையும் ஒன்னா போட்டுக் குழப்புறது நியூஸ்காரங்க மட்டும் இல்ல, என்னை மாதிரி டெஸ்டிங்ல ஊறுன ஆளுங்களும்தான்.

அதனால கூகுளோட ஏஐ கம்பெனி டீப்மைண்ட் 2023-ல 22 லட்சம் புது கிரிஸ்டல ஏஐ வெச்சு கணிச்சோம், அதுல 3,80,000 ஸ்டேபிளா இருக்கும்னு சொன்னப்பவும் நான் சிரிக்கல. இதெல்லாம் உண்மையாவே புதுசான்னு கெமிஸ்ட்ங்க கேள்வி கேட்டாங்க, கேக்கட்டும், கேக்கணும். பட்டியல் நீளமா இருக்கறதுல தப்பில்ல, ஒவ்வொன்னையும் செஞ்சு ஓட்டிப் பாக்க உலகத்துல சைக்ளர் சேனல் பத்தாது, அதுதான் சிக்கல்.

அப்ப எது மேலதான் நம்பிக்கைன்னு அந்தப் பையன் விடாம கேட்டான். சோடியம் அயான்னு சொன்னேன், லித்தியத்துக்கு பதிலா சோடியம் போடுற பேட்டரி. காருக்கு எடை கூடும்தான், ஆனா ஒரே இடத்துல நிக்கிற ஸ்டோரேஜுக்கு அது பிரச்சனை இல்ல, ஆனோடு (மைனஸ்) பக்கம் காப்பர் ஃபாயிலுக்கு பதிலா அலுமினியம் போடலாம், ஜீரோ வோல்ட் வரைக்கும் இறக்கி அனுப்புனாலும் செல்லுக்கு ஒன்னும் ஆகாது. 2023-ல லித்தியம் விலை சரிஞ்சதுல மலிவுங்கற பேச்சு கொஞ்சம் அடங்கிப்போச்சு, அது வாஸ்தவம். எனக்கு அத விட உறுத்துறது அதுல போடுற ஹார்ட் கார்பன்ங்கற ஒரு வகை கார்பன் ஆனோடு, முத சார்ஜ்லயே கணிசமான சோடியத்த முழுங்கிட்டு திருப்பித் தர மாட்டேங்குது, அத யாரு சீப்பா சரி பண்றாங்கன்னுதான் இப்பல்லாம் தேடித் தேடிப் படிக்கிறேன்.