உளுந்தின் வேரில் மின்னோட்டமும் ஆக்சினும்: நிறம் மாறும் அகரில் கண்டவை

வளரும் வேர் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு மின்னோட்டத்தை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. 1979இல் வைசன்சீல், டோர்ன், ஜாஃபே ஆகிய ஆய்வாளர் மூவரும் பார்லி வேரை, நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் அதிர்வு மின்முனையால் அளந்து, மின்னோட்டம் வேர் நீளும் இடமான நீட்சிப் பகுதியில் உள்ளே நுழைந்து, அதற்குப் பின்னாலுள்ள வளர்ச்சி நின்ற பகுதியில் வெளியேறுவதையும், அதைச் சுமப்பவை பெரும்பாலும் ஹைட்ரஜன் அயனிகள் என்பதையும் காட்டினர். அக்கருவி வீட்டில் கிடைக்காது. ஆனால் ஹைட்ரஜன் அயனி வெளியேறும் இடம் புளிக்க வேண்டும், நுழையும் இடத்தில் புளிப்புக் குறைய வேண்டும் என்பதால், புளிப்புக்கேற்ப நிறம் மாறும் சாயமான ஒரு நிறங்காட்டியே போதும் என்று துணிந்தேன்.

தோல் நீக்காத முழு உளுந்தை இரவு ஊறவைத்து ஈரத்துணியில் முளைகட்டினேன். கடற்பாசிக் கூழான அகரின் முக்கால் சதவீதக் கரைசலில் சிறிது கால்சியம் சல்பேட்டும் புரோமோகிரசால் பர்ப்பிளும் கலந்து, பிஎச் 6 அளவில் நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் வேரின் மேல் ஊற்றினேன். இந்தச் சாயம் பிஎச் 5.2க்குக் கீழே, அதாவது புளிப்பில், மஞ்சளாகவும் 6.8க்கு மேலே ஊதாவாகவும் இருக்கும். இடைப்பட்ட நிறத்தில் தொடங்கினால் இரு பக்க மாற்றமும் தெரியும்.

சிறிது நேரத்தில் வேர்த்தூவி முளைத்த பகுதியைச் சுற்றி மஞ்சள் பரவியது. நுனிக்குச் சற்றுப் பின்னால், வேர் நீளும் இடத்தில் மட்டும் ஓர் ஊதாப் பட்டை நின்றது. வேர் வளர வளர அந்தப் பட்டையும் நுனியோடு நகர்ந்து சென்றது. அது விட்டுச்சென்ற இடம் பின்னர் மஞ்சளானது. எனக்கு இந்த முயற்சியிலேயே மிகப் பிடித்த காட்சி இதுதான்.

பிறகு வேர் படுக்கைவாட்டில் இருக்கும்படி தட்டைத் திருப்பினேன். நுனியிலுள்ள மாவுமணிகள் கீழ்ப்பக்கம் சரிய, ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் அப்பக்கம் கூடுதலாகச் செல்லும். கண்ணுக்கு வளைவு தெரியும் முன்பே கீழ்விளிம்பில் ஊதா அடர்ந்தது. தண்டில் ஆக்சின் செல்சுவரைப் புளிக்கச் செய்து வளர்ச்சியைத் தூண்டுகிறது. வேரிலோ அதே ஆக்சின் ஹைட்ரஜன் அயனிகளைச் செல்லுக்குள் விரைந்து இழுத்து, சுவரின் புளிப்பைக் குறைத்து, வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆகவே ஹார்மோனையும் மின்னோட்டத்தையும் தனித்தனியே பேசுவது வேரைப் பொறுத்தவரை பொருந்தாது என்றே கருதுகிறேன். பதியன் போடப் பயன்படும், ஆக்சின் வகை கலந்த வேர் ஊக்கிப் பொடியைச் சிறிது ஸ்பிரிட்டில் கரைத்து, மிகவும் நீர்க்கச் செய்து, அகர்த் துண்டில் ஏற்றி நீட்சிப் பகுதியின் ஒரு பக்கம் ஒட்டியபோது, வேர் அந்தத் துண்டை நோக்கியே வளைந்தது. வெறும் ஸ்பிரிட் ஏற்றிய துண்டு எதையும் செய்யவில்லை.

வெளியிலிருந்து மின்சாரம் செலுத்துவதில் ஓர் எச்சரிக்கை தேவை. 9 வோல்ட் பேட்டரியின் கரிமுனைகளை நேரே அகரில் செருகினால், நேர்முனையருகில் அமிலமும் எதிர்முனையருகில் காரமும் உண்டாகி, சாயம் காட்டுவது வேரின் செயலா மின்முனையின் செயலா என்று பிரித்தறிய முடியாது. எனவே சாயமில்லாத அகரைப் பயன்படுத்தி, மின்முனைகளைத் தனி நீர்க் கிண்ணங்களில் வைத்து, ஈர வடிதாள் பட்டைகளால் இணைத்தேன்.

மின்புலத்தில் வேர் எந்த முனையை நோக்கி வளையும் என்பதில் பழைய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டிருந்தன. 2000இல் வெளியான ஓர் ஆய்வு, உளுந்து வேரையே எடுத்துக்கொண்டு, இரு வளைவுகளும் ஒரே வேரில் நிகழ்வதை நிறுவியது: நீட்சிப் பகுதியின் நடுப்பாகம் வளர்ச்சி குன்றி நேர்முனையை நோக்கியும், நுனியை ஒட்டிய பாகம் வளர்ச்சி கூடி எதிர்முனையை நோக்கியும் வளைகின்றன. என் தட்டிலும் சில வேர்கள் இப்படி இரட்டை வளைவு கொண்டன. மற்றவற்றில் ஒரு வளைவே தெளிவாக இருந்தது. புலத்தை ஒரு பாகத்தில் மட்டும் செலுத்தினால் அந்தந்த வளைவைத் தனியே பெறலாம் என்றும் அவ்வாய்வு காட்டியுள்ளதால், கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, மெல்லிய முனையில் அகர் நிரப்பி மின்முனையாக்கும் வேலையை இப்போது தொடங்கியிருக்கிறேன்.