கல்லில் வெட்டாத ஆண்டு

எங்கள் கத்தோலிக்க மலைக்கோவிலின் நினைவுக்கல்லில் 'மீளக் கட்டப்பட்டது' என்பதும் கட்டி முடித்த ஆண்டும் மட்டும் போதும், முதலில் கட்டிய காலம் வேண்டாம் என்று சொன்னது நான்தான். படம் கீறி, மதிப்பீடு போட்டு, வேலையைப் பார்த்த ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) என்ற முறையில் என்னிடம் கேட்டார்கள், சொன்னேன். பங்குச் சுவாமியும் கோவில் சபையும் ஏற்றுக்கொண்டார்கள். மலைக்கோவில் திறந்து திருநாளும் முடிந்துவிட்டது. கோவில் மூப்பரோடு பேசிய பேச்சு மட்டும் எனக்குள் முடியவில்லை.

"தம்பி, போத்துக்கேயர் காலம் எண்டு வெட்டச் சொல்லுங்கோ. எங்கட அப்புவும் அப்பிடித்தான் சொன்னவர்."

"எழுத்தில ஏதும் இருக்கோ ஐயா?"

"2006 சண்டையில ஓடேக்க பிள்ளையளைத் தூக்கினனாங்கள். ஞானஸ்நானப் புத்தகத்தை ஆர் தூக்கினது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே யார் தூக்கினார்கள் என்று யோசிப்பவர் போலத்தான் கேட்டார்.

என் பக்கத்தில் நியாயம் இருந்தது. கூரையில் கிடந்தது மங்களூர் ஓடு. பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865 இல்தான். ஆனால் கூரை மாற்றாத பழைய கோவில் எங்கே இருக்கிறது? 1964 டிசம்பர்ச் சூறாவளி ஒன்றே போதும். சுவரின் கதை வேறு. பூச்சைத் தட்டியதும் செங்கல்லுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து, அதில் வேகாத சிப்பித் துணுக்குகள். பிறகு யாரோ மேலே சீமெந்து பூசியிருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துச் செங்கல் உதிர்ந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு காலத்தைச் சொல்லாது. போத்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதைத்தான் குழைத்தார்கள், ஆங்கிலேயர் காலத்து ஊர் மேசன்மாரும் அதைத்தான் குழைத்தார்கள்.

வரலாற்றை வைத்துப் பார்த்தாலும் காலம் நெருக்கம்தான். போத்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோவிலை இடித்தது 1620களின் முற்பகுதியில். அந்தக் கல்லால் கட்டிய கோட்டையை 1639 இல் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். அந்தப் பதினைந்து சொச்ச வருடத்துக்குள் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே வந்து, மலையேறி ஒரு கோவில் கட்டினார்களா? பிறகு கத்தோலிக்க வழிபாட்டுக்கே தடை. கோவாக் குருவான யோசேப் வாஸ் அடிகளார் 1687 இல் ஒளித்து வந்து இறங்கியது அந்தத் தடைக்குள்தான். ஒளித்துச் செபிக்க மலை நல்ல இடம் என்று எனக்கும் தோன்றியது. தோன்றியதைக் கல்லில் வெட்டச் சொல்ல முடியுமா?

கோணேசரை நினைத்தால் இந்த வாதம் ஆட்டம் காண்கிறது. இடித்த பிறகும் சனம் அந்தப் பாறையை விடவில்லை. 1950 இல் கிணறு வெட்டும்போது விக்கிரகங்கள் வெளிவந்தன. அதுவரை பாறைக்குப் பூப்போட்டவர்களிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை. ஆனால் அங்கே சம்பந்தர் தேவாரம் இருந்தது, இடித்தவர்களே எழுதி வைத்ததும் இருந்தது. இங்கே மூப்பரின் அப்பு சொன்னது மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சபையில் இருந்த இளம் பிள்ளை ஒருவர் அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணை, பழைய காலத்தைப் போட்டா நாளைக்குப் பலகை வந்திடும்" என்றார். 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி வந்த பிறகு, என்ன பலகை என்று எங்கள் பக்கத்தில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இது தொல்பொருள் இடம் என்று திணைக்களம் நடும் பலகைதான். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் எனக்கும் தெரியும். 1815 மார்ச் 2 க்கு முந்தியது என்று நிறுவப்பட்டவை மட்டுமல்ல, முந்தியது என்று நம்பப்படுபவையும் அதற்குள் வரும். சட்டத்துக்கு ஊரின் நம்பிக்கையே போதும். எனக்குத்தான் போதவில்லை.

ஆதாரம் இல்லை என்று நான் சொன்னது பொய்யில்லை. பலகைப் பயம் இல்லாத ஊரில் என்றால் அதை இவ்வளவு அழுத்திச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சில இரவுகளில் அப்படி நினைக்க முடிவதில்லை.

லொறி அடிவாரத்தோடு நின்றுவிடும். மணலையும் கல்லையும் சனம் வரிசையாக நின்று தாச்சி தாச்சியாகக் கைமாற்றி மேலே ஏற்றியது. பக்கத்து ஊர்ச் சைவச் சனமும் வந்து நின்றார்கள். அந்த உழைப்பைப் பார்த்துத்தான், பீடத்துச் சுவரையும் இடித்துக் கட்டினால் செலவு குறையுமா என்று சுவாமி கேட்டார். குறையும், ஆனால் அது பழைய சுவர், விடுங்கள் என்றேன். சீமெந்தைக் கழற்றிச் சுண்ணாம்பே பூசினோம்.

மூப்பர் அதைக் கவனித்திருக்கிறார். "பழசு எண்டு இடிக்காம விட ஏலும், பழசு எண்டு எழுத மட்டும் ஏலாதோ?"

எவ்வளவு பழசு என்று தெரியாமல் ஏலாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

போன கிழமை அவருடைய பேரன் போன் எடுத்தான். பள்ளிக்கூடத்துக்குக் கோவிலைப் பற்றி எழுதவேண்டுமாம், எப்போது கட்டியது என்று கேட்டான். அப்பப்பா சொல்வதை அப்படியே எழுது, அவர் சொன்னது என்று அவருடைய பெயரையும் போடு என்றேன்.