பத்தினித் தெய்வத்திடம் விடைபெற்று ஒரு தொவில் இரவுக்கு

மட்டக்களப்பில் ஆண்டுதோறும் வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்து, கண்ணகி கதை சொல்லும் வழக்குரை ஏடு படித்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடி நிறைவு செய்யும் சடங்கோடு வளர்ந்தவன் நான். நோய் நீங்கவென்று தென்னிலங்கைச் சிங்கள ஊர்களில் இரவு முழுவதும் நிகழ்த்தப்படும் தொவில் என்னும் பேயோட்டும் சடங்கை ஒருமுறையேனும் நேரில் காண வேண்டும் என்பது எனது நெடுநாள் விருப்பமாக இருந்தது. மாத்தறைக்கு அருகே நண்பரின் உறவினர் வீட்டில் சன்னி யக்கும என்னும் பெருந்தொவில் நடக்கவிருப்பதாகவும், நான் வருவதற்கு வீட்டார் இசைந்திருப்பதாகவும் செய்தி கிடைத்தபோது, வழியிலுள்ள தெய்வங்களை வணங்கியே அங்கு போவதென்று முடிவு செய்தேன்.

முதல் வணக்கம், கண்ணகியைப் பத்தினி என்று சிங்களவர் வழிபடும் நவகமுவைத் தேவாலயத்தில். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகு இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கயவாகு கொண்டுவந்த சிலம்போடு இத்தலத்தைத் தொடர்புபடுத்திச் சிங்கள மக்கள் வழிபடுகின்றனர். அம்மையும் சின்னமுத்தும் வந்தால் அவர்களும் அதைத் தெய்வம் தந்த நோய் என்றே கருதி, வேப்பிலை சாத்தி, பத்தினியை வேண்டுகின்றனர். கப்புறாளை என்னும் பூசகர் என் பழத்தட்டத்தை வாங்கித் திரைக்குள் சென்று வேண்டுதல் சொன்னபோது, மொழி வேறாக இருந்தும் கேட்பது எங்கள் அம்மன் என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை.

காலி வீதியில் அம்பலாங்கொடையைக் கடக்கும்போது முகமூடி செதுக்கும் பட்டறை ஒன்றில் சற்று நின்றேன். கதுரு என்னும் இலகுவான மரத்தில் செதுக்கப்பட்ட, சன்னி எனப்படும் நோய் தரும் பேய்களின் தலைவனான மஹாகோல சன்னியின் பெருமுகத்தில், அவனுக்கு அடங்கிய பதினெட்டுச் சன்னிகளின் சிறுமுகங்களும் இருந்தன. செவிடு, குருடு, ஊமை, முடம், வாந்தி, சுரம், சித்தப்பிரமை என ஒவ்வொரு சன்னிக்கும் ஒரு நோய் உரியது.

அங்கிருந்து சீனிகமை அதிக தூரமில்லை. வீதியோரத்தில் ஒரு கோயிலும், கரைக்கு அப்பால் கடலுக்குள் சிறு திட்டில் இன்னொன்றுமாக, இரண்டும் தெவொல் தெய்யோ என்னும் தெய்வத்துக்கு உரியவை. கடல் கடந்து வந்த தெவொல் தெய்வங்கள் இக்கரையில் இறங்க முயன்றபோது பத்தினி ஏழு நெருப்பு மலைகளை எழுப்பித் தடுத்ததாகவும், அவர்கள் அவற்றை மிதித்துக் கடந்து வந்ததாகவும் கதை உண்டு. தெவொல் மடுவச் சடங்கில் தீ மிதிப்பது அந்த நிகழ்வை நினைந்துதான். பொருளைக் களவு கொடுத்தவர்கள் இங்கு வந்து அம்மியில் மிளகாயும் மிளகும் அரைத்துத் திருடனுக்குச் சாபமிடுவார்கள். அந்த அம்மியருகே செல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயுற்றவருக்காகப் போகும் வழியில் எவரையும் சபிக்கும் இடத்தில் நிற்பது சரியன்று என்று தோன்றியது.

அந்தி சாயும் வேளையில் தொவில் வீட்டை அடைந்தோம். முற்றத்தில் குருத்தோலையும் வாழைமடலும் கொண்டு சன்னி விதிய என்னும் அலங்காரச் சுவர் எழுந்திருந்தது, கமுகம்பாளை தொங்கியது, படையல் தட்டுகள் ஒருபுறம் அடுக்கப்பட்டிருந்தன. நீண்ட நாள் காய்ச்சலாலும் உறக்கமின்மையாலும் மெலிந்துபோன, யாருக்காகத் தொவில் நடந்ததோ அந்த அம்மா, வாசலில் விரித்த பாயில், அரங்கைப் பார்த்தபடி அமர்த்தப்பட்டிருந்தார். ஆடுபவர்களின் தலைவரை எல்லோரும் குருன்னான்சே என்று அழைத்தார்கள். அவர் முதலில் புத்தரை வணங்கினார். பிறகு தெய்வங்களிடம் அனுமதி கேட்டார். அதன் பின்னரே யக்கர்கள் எனப்படும் பேய்களை அழைத்தார். இந்த வரிசைதான் தொவிலின் உயிர் என்பது விடியும்போது எனக்குப் புரிந்தது.

யக்கர்கள் தாமாக எதையும் செய்ய இயலாதவர்கள். அவர்களின் அரசனான வெஸமுனி, அதாவது நம் குபேரன், கொடுத்த வரம்புக்குள், புத்தர் அளித்த வரத்தின்படி மட்டுமே நோய் தரவும் படையல் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு. கோல சன்னியின் பிறப்பையும் இவ்வாறே பாடினார்கள். விசாலை நகரத்து அரசன் பொய்யான பழியை நம்பிக் கருவுற்றிருந்த அரசியைக் கொல்விக்க, அவள் உடலிலிருந்து பிறந்த பிள்ளை வளர்ந்து, நஞ்சிலிருந்து சன்னிகளைப் படைத்து, தந்தையின் நகரைக் கொள்ளைநோயால் அழித்தான். புத்தர் அங்கு சென்று அவனை அடக்கினார். நீதி தவறிய அரசன், பழி சுமந்த பெண், அழிந்த நகரம் என்று கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு மதுரை நினைவுக்கு வராமல் இருக்குமா?

நள்ளிரவுப் பகுதி அச்சமூட்டியது. யக்பெரய என்னும் மத்தளத்தின் முழக்கம் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியது. பந்தத்தில் குங்கிலியத் தூளை வீசும்போதெல்லாம் தீ கூரை உயரத்துக்குச் சீறியது. ஒரு கட்டத்தில் ஆடுபவர் ஒருவர் பாயில் பிணம்போலப் படுத்துக்கொண்டார். நோயாளிக்கு வர இருந்ததைத் தாம் ஏற்பதாகப் பொருள். சேவலைக் கொன்றுவிடுவார்களோ என்று அஞ்சியிருந்தேன்; கொண்டையிலிருந்து சில துளிக் குருதி மட்டுமே எடுத்து, அதை உயிரோடு விட்டார்கள்.

விடியற்சாமத்தில் முகமூடி அணிந்த சன்னிகள் ஒவ்வொருவராக வந்தபோது எல்லாம் மாறியது. பதினெண்மரும் வரவில்லை, சிலரே வந்தார்கள். அலறிக்கொண்டு ஓடிவரும் சன்னியை மத்தளக்காரர் மறித்து, நீ யார், யாருடைய அனுமதியில் வந்தாய் என்று கேட்க, அவன் வீறாப்புப் பேசி, உளறி, மனித உயிர் கேட்டு, கடைசியில் கிடைத்ததை வாங்கிக்கொள்கிறான். செவிட்டுச் சன்னி ஒவ்வொரு கேள்விக்கும் வேறு பதில் சொல்ல, அயலவர் எல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மாலையிலிருந்து முகம் நிமிராதிருந்த அந்த அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புத்தரின் பெயரைச் சொன்னதும் சன்னி பணிந்து, நோயாளியை ஆசீர்வதித்து, அரங்கை விட்டு ஓடினான். பேய் ஓட்டுதல் என்றால் அடித்தும் வதைத்தும் விரட்டுவது என்று எண்ணியிருந்தவர்கள் இதைப் பார்க்க வேண்டும். நோயாளியின் மீது ஒரு கடுஞ்சொல்லும் விழவில்லை. அதட்டப்பட்டதும் ஏளனம் செய்யப்பட்டதும் நோய்தான். தொவிலை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோருக்கும், சுற்றுலாக் காட்சி என்று இரசிப்போருக்கும் இந்தக் கருணை கண்ணில் படுவதில்லை.

எலுமிச்சங்காய் வெட்டி, மந்திரித்த நூலைக் கையில் கட்டி, தொவில் நிறைவடைந்தது. வீட்டாரிடம் விடைபெற்றுத் தேவேந்திரமுனை விஷ்ணு கோயிலுக்குச் சென்றேன். இரவெல்லாம் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட விஷ்ணு தெய்யோ நீலமேனியோடு அங்கு வீற்றிருக்கிறார். 1588 இல் போர்த்துக்கேயர் இடித்தழித்த பெருங்கோயிலின் ஊர் இது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே காலியில் நாட்டிய மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி, தெனாவரை நாயனார் என்று போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுவது இத்தலத்து இறைவனுக்கே.

தட்டத்தைக் கொடுத்து, அந்த அம்மாவின் பெயருக்கு வேண்டுதல் சொல்லுமாறு கேட்டேன். கப்புறாளை நெடுநேரம் வேண்டினார். திரையை விலக்கி வெளியே வந்து திருநீற்றை என் நெற்றியில் இட்டபின், அந்த அம்மா ஆஸ்பத்திரி மருந்து எடுக்கிறாரா என்று விசாரித்தார். ஆம் என்றேன். “நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள் மஹத்தயா, கிளினிக்குக்கும் தவறாமல் போகட்டும்” என்றார். வெளிவீதிக்கு வந்ததும் வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து அதைச் சொன்னேன்.