மைனஸ் 30ல் மிருதங்கம்

பையனின் பள்ளியில் 'எங்கள் வீடு' என்று படம் வரையச் சொல்லியிருந்தார்கள். சோபா, டீவி, சமையலறையில் அம்மா, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மூலையில் ஒரு மணி பிளான்ட், அதன் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு பீப்பாய். இது என்ன என்று டீச்சர் கேட்டதற்கு, செடி வைக்கிற ஸ்டாண்டு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவனைச் சொல்லி என்ன? பிறந்ததிலிருந்து அதன் மேல் செடியைத்தான் பார்த்திருக்கிறான். என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் நாலு சொல்லாவது வாசித்துவிட்டுத்தான் காபி என்று வளர்ந்தவன் நான். தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். பண்ருட்டிப் பலாவில் கடைந்த அந்த மிருதங்கம் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து கனடாவின் எட்மண்டனுக்கும் என்னோடு வந்தது. வேலை, விசா, குழந்தை என்று ஒவ்வொன்றாக வர வர, அது மூலைக்குப் போனது. மேலே ஒரு பலகை, பலகைக்கு மேல் செடி.

அன்றைக்கு இரவே செடியை இறக்கினேன்.

முதல் தடங்கல் ரவை. தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், பிசைந்த ரவை ஒட்டாமல் தொம் என்ற நாதம் எங்கிருந்து கேட்கும்? "உப்புமாவுக்கே இல்லை, உங்க தொப்பிக்கு வேறயா?" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள் மனைவி. இந்தியக் கடைகள் இருப்பது மில் வுட்ஸ் பக்கம், அந்தப் பனியில் யார் வண்டியை எடுப்பது? பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் காலைக் கஞ்சிக்கென்று விற்கும் கோதுமைக் குருணையை வாங்கிப் பிசைந்து அப்பினேன். ஒட்டியது. வாசிக்க ஆரம்பித்துக் கொஞ்சம் சூடு பிடித்ததும் கழன்று மடியில் விழுந்தது. மறுநாள் மில் வுட்ஸ் போனேன்.

விரல்களை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். நம், தீம் என்ற அடிகள் இரண்டும் சீக்கிரமே வழிக்கு வந்தன. சாப்பு என்ற அடிதான் முரண்டு பிடித்தது. சுண்டுவிரல் விழ வேண்டிய இடத்தில் விழுந்தால் சுருதி கணீரென்று கிளம்ப வேண்டும். எனக்கு டப் என்று அடங்கிவிட்டது. மூன்றாம் காலத்தில் தகதிமி போனால் முன்கை கடுத்தது. ஆனால் கோர்வைகள், அந்தச் சொற்கட்டுத் தொடர்கள், எங்கும் போகவில்லை. வாத்தியார் ரூபக தாளத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று, பாத்திரம் கழுவும்போது தானாக வாயில் வந்தது. இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்ததோ.

கீழ்வீட்டில் உக்ரைன் வம்சாவளி அம்மாள் ஒருவர் இருக்கிறார். உடற்பயிற்சி மெஷின் ஏதாவது வாங்கியிருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டார். காட்டினேன். எட்டு மணிக்கு மேல் கூடாது, அதற்கு முன்னால் உன் இஷ்டம் என்றார். அடுத்த வாரம் ஒரு டப்பா நிறைய பெரோகி வந்தது. உள்ளே உருளைக்கிழங்கு, மேலே வதக்கிய வெங்காயம். கொஞ்சம் மிளகாய்ப்பொடி தூவிச் சாப்பிட்டோம்.

இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். இரவில் காரின் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் சொருகாமல் படுப்பதில்லை. மைனஸ் 15 என்றால் இன்று பரவாயில்லை என்கிறேன். மார்கழி பிறந்தால் மட்டும் கொஞ்சம் ஆட்டம் காணும். விடிவதற்கு முன் கோயில் ஸ்பீக்கர் கரகரக்கும், தொன்னையில் வாங்கிய பொங்கல் உள்ளங்கையைச் சுடும், நெய்யோடு ஒரு மிளகு பல்லில் மாட்டும். சரி, அது இருக்கட்டும்.

வினை வந்ததும் மார்கழியில்தான். வெளியே மைனஸ் 30. உள்ளே ஃபர்னஸ் இரவும் பகலும் ஓடி வீட்டுக் காற்றில் இருந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டது. ஈரமானி 18 சதவீதம் காட்டியது. தோல் காய்ந்து இறுகி, ஒரு கட்டை சுருதிக்குச் சேர்த்து வைத்த வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், ஒன்றரைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. கல்லையும், புள் என்கிற மரக்கட்டையையும் எடுத்துத் தட்டித் தட்டி இறக்கினால், மறுநாள் திரும்ப ஏறும். அப்புறம் வலந்தலை நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சான சாதம் போயிற்று. சாதத்தில் மயிரிழை விரிசல் இருப்பது இயல்புதான், அது இருந்தால்தான் நாதமே. இது அப்படியல்ல, ஒரு ஓரம் பெயர்ந்து, கறுப்புத் தூளாக என் மடியில் கொட்டியது.

ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப்போனால் போதும். பட்டறையில் பெரியவர் பழைய சாதத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெந்த சோற்றில் கிட்டான் என்கிற கறுப்புக் கல் பொடியைப் போட்டு மசிய மசியப் பிசைவார். சுண்டைக்காய் அளவு எடுத்து அப்பி, வழவழவென்ற கல்லால் தேய்ப்பார். காய்ந்ததும் அடுத்த பூச்சு, மறுபடி கல். வாயில் வெற்றிலை, அதனால் பேச்சு கிடையாது. நடுவில் எச்சிலைத் துப்பிவிட்டு, "தம்பி, ஒரு நம் போடுங்க" என்பார். போடுவேன். தலையை ஆட்டினால் முடிந்தது. ஆட்டாவிட்டால் திரும்பவும் கல். அவர் காதுக்குத் தப்பிய சுருதியை நான் பார்த்ததில்லை.

பாலக்காடு மணி ஐயருக்கு 1966ல் சென்னை மியூசிக் அகாடமியில் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தார்கள். மிருதங்க வித்வான் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? வித்வான் எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போய்விடலாம். மிருதங்கத்துக்கு, சைக்கிள் போகிற தூரத்தில் அந்த மாதிரி ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. இங்கிருந்து டொராண்டோவே விமானத்தில் நாலு மணி நேரம். ஊரை விட்டு வந்ததில் இதைப்போல் எதுவும் என்னை முடக்கியதில்லை, ஃபில்டர் காபி உட்பட.

வீடியோவில் கூப்பிட்டேன். இங்கே இரவு எட்டு, அங்கே மறுநாள் காலை எட்டரை. பெரியவர் இப்போது இல்லை, பட்டறை மகன் கையில்.

"அண்ணே, வலந்தலைச் சாதம் பெயர்ந்துடுச்சு."

"ஹீட்டரை அணைச்சு வைங்க தம்பி."

"அணைச்சா நாங்க பெயர்ந்துடுவோம்ணே."

சிரித்துவிட்டு, தட்டிக் காட்டச் சொன்னார். தட்டினேன். "போன்ல எல்லா மிருதங்கமும் தகர டப்பாதான் தம்பி. புது மூட்டு செஞ்சு தரேன், மாத்திக்கங்க." மூட்டு என்பது தலைப்பக்கத் தோல், அதை இழுத்துக் கட்டும் வார் பிடிக்க இரண்டு ஆள் பலம் வேண்டும், எனக்குப் பழக்கமும் இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப போல்ட் வெச்சு ஒண்ணு பண்ணிடலாம். வெளிநாட்டுக்காரங்க எல்லாம் இப்ப அதைத்தான் கேக்கறாங்க. ஸ்பேனர் இருந்தா போதும், நீங்களே பார்த்துக்கலாம்."

யாரைச் சொல்கிறார் என்று ஒரு விநாடி புரியவில்லை.

மிருதங்கத்துக்கு ஸ்பேனரா என்று வாத்தியார் கேட்டிருப்பார். நானும் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்தேன். பிறகு பணத்தை அனுப்பிவிட்டேன். ஜூனில் அக்கா வருகிறாள். ஒரு பெட்டி முழுக்க மிருதங்கத்துக்கு, ஊறுகாய் கீறுகாய் எதுவும் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். போன வாரமே மாங்காய் நறுக்கியாயிற்றாம்.