நெட்டில் கிடந்த படம்

பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கல்யாணம், மஞ்சள் நீராட்டுச் சடங்கு, வளைகாப்பு ஆர்டர்கள்தான் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத நாள் கிடைத்தால் விடியும் முன்னே கேமராவைத் தூக்கிக்கொண்டு கூந்தன்குளம் போய்விடுவேன். அங்கே ஊருக்குள் வீட்டுப் பக்கத்து மரங்களில்கூட நாரைகள் கூடு கட்டும், ஊர்க்காரர்கள் விரட்டவே மாட்டார்கள். ஒரு மத்தியானம், மஞ்சள் மூக்கு நாரை ஒன்று தன் குஞ்சுகள் மேல் வெயில் படாமல் சிறகை விரித்தபடி நின்றதை, இரண்டு மணி நேரம் காத்திருந்து எடுத்தேன். அன்று ராத்திரியே ஸ்டுடியோவின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன்.

சில மாதம் கழித்து வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸில் அதே நாரை நின்றது. கீழ் மூலையில் இருந்த என் ஸ்டுடியோ பெயரை மட்டும் வெட்டியிருந்தார்கள். அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டால், "நெட்டுல கிடந்துச்சு அண்ணாச்சி, எடுத்துக்கிட்டோம்" என்கிறார். கிடந்துச்சாம்! லேப்டாப்போடு நேரில் போய், கேமராவில் பதிந்த ஒரிஜினலான ரா ஃபைலைத் திறந்து காட்டினேன். எடுத்த நேரம், கேமரா, லென்ஸ் எல்லாம் அதில் பதிந்திருக்கும். வாட்ஸப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ஏற்றும்போது அந்த விவரங்கள் உதிர்ந்துவிடும், அதனால் ஒரிஜினல் ஃபைல் யாரிடம் இருக்கிறதோ அவரால்தான் காட்ட முடியும். பதிப்புரிமைச் சட்டம் 1957-லேயே வந்தது, படம் எடுத்தவுடனே உரிமை வந்துவிடும், பதிவு செய்யத் தேவையில்லை, வேண்டுமென்றே மீறினால் ஜெயில்கூட உண்டு என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் ஃப்ளெக்ஸ் இறங்கியது.

அடுத்த வருஷம் ஒரு பெரியவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். அவர் மகள் கல்யாணம் நான் எடுத்ததுதான். செல்லை நீட்டி, "அண்ணாச்சி, இது எம் மவ படம்லா?" என்றார். மணக்கோலத்தில் தனியாக நிற்கும் படம், வேறு பெயரில், மாப்பிள்ளை தேடும் ஒரு போலி வரன் விளம்பரத்தில் இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிவிட்டது. அதை முதலில் பார்த்தவர் அவள் புகுந்த வீட்டுக் கொழுந்தன். அந்த வீட்டில் என்னென்ன பேச்சு நடந்தது என்று பெரியவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அவர் கை நடுங்கியதை மட்டும் பார்த்தேன்.

படம் போனது என் ஸ்டுடியோ பக்கத்திலிருந்துதான். கிளாரிட்டி தெரியட்டும் என்று முழு சைஸில் ஏற்றியிருந்தேன். அவரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த விளம்பரத்தின் மேல் புகார் கொடுத்தோம், சைபர் க்ரைம் போர்ட்டலிலும் பதிவு செய்தோம். சில நாளில் எடுத்துவிட்டார்கள். ஆனால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் ஒரு பியூட்டி பார்லர் போஸ்டரிலும் அதே முகம். வாட்ஸப்பில் போனதை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

அப்புறம்தான் சட்டத்தை ஒழுங்காகப் படித்தேன். கூந்தன்குளத்து நாரை எனக்குச் சொந்தம், சரி. ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான் என்று 17-ம் பிரிவு சொல்கிறது. என்னைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்று வண்ணார்பேட்டையில் சத்தம் போட்டேனே, அந்தப் பெண்ணின் படத்தைப் போடும்போது நான் யாரைக் கேட்டேன்? அவளையும் கேட்கவில்லை, அவள் அப்பாவையும் கேட்கவில்லை. பதினெட்டு வருஷத் தொழிலில் எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்.

இப்போது ஆர்டர் ஃபாரத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், படம் நெட்டில் போடலாமா வேண்டாமா என்று. அதில் வீட்டுப் பெரியவர்கள் டிக் அடித்தால் ஒப்புக்கொள்வதில்லை, படத்தில் இருக்கிற பெண்ணே அடிக்க வேண்டும். சடங்குப் படங்களை யார் சொன்னாலும் போடுவதில்லை. போடுகிற படமும் சின்ன சைஸ்தான், பெயரை மூலையில் வைக்காமல் சேலை மடிப்பின் குறுக்கே வைக்கிறேன். அழகு கெடுகிறது என்று என்னிடம் வேலை பார்க்கிற தம்பி வருத்தப்படுகிறான், எனக்கும் வருத்தம்தான்.

இந்த ஆவணியில் அதே பெரியவரின் இளைய மகளுக்குக் கல்யாணம். ஆர்டரை எனக்கே கொடுத்தார். ஃபாரத்தைப் படித்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் 'வேண்டாம்' என்பதில் டிக் அடித்தாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி" என்றார் பெரியவர். இல்லை அண்ணாச்சி என்று சொல்லி, ஃபாரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.