வாடகை வீட்டுத் தேய்மானத்தை விட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "விக்கும்போது எப்படியும் திருப்பிப் பிடுங்கிடுவான், அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கணும்?" தேய்மானம் என்பது கட்டடத்தின் விலையை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வாடகை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் வரிச் சலுகை. தயவுசெய்து இப்படி நினைக்காதீர்கள். நீங்கள் கழித்தாலும் கழிக்காவிட்டாலும், கழித்திருக்க வேண்டிய தொகையைக் கழித்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டுதான் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் விற்பனைக் கணக்கைப் பார்க்கும். சலுகையைத் தொடாமலேயே அதற்கான வரியை மட்டும் கட்ட வேண்டிவரும்.

1986க்குப் பிறகு வாடகைக்கு வந்த குடியிருப்பு வீடு என்றால் அதன் விலையை 27.5 ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிக்க வேண்டும். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, கட்டடத்துக்கு மட்டும்தான். 3 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டில் நிலத்தின் பங்கு 60,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 2,40,000ஐ 27.5ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 8,727 டாலர், 20 ஆண்டில் ஏறக்குறைய 1,74,500. அந்த வீட்டை 5 லட்சத்துக்கு விற்றால், விற்கும் செலவை விட்டுவிட்டுப் பார்த்தால்கூட, லாபம் 2 லட்சம் இல்லை, 3,74,500. வாங்கிய விலையிலிருந்து தேய்மானத்தைக் குறைத்த பிறகுதான் லாபம் பார்ப்பார்கள். இதில் தேய்மானப் பங்குக்கு அதிகபட்சம் 25 சதவீதம் வரி, மீதிக்கு வழக்கமான நீண்டகால ஆதாய வரி. நீங்கள் ஒரு டாலர்கூடக் கழிக்காமல் இருந்திருந்தாலும் இதே கணக்குதான்.

"என் வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டிவிட்டது, வாடகை நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அதனால் தேய்மானம் எனக்குப் பயனில்லை" என்பவர்களும் உண்டு. பாதி உண்மைதான். ஆனால் இந்த ஆண்டு பயன்படாத நஷ்டம் எங்கும் போய்விடாது, படிவம் 8582 வழியாக அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். பிறகு வாடகையில் லாபம் வரும் ஆண்டில் அதோடு கழியும், இல்லாவிட்டால் வீட்டை வெளியாருக்கு முழுசாக விற்கும் ஆண்டில் மொத்தமும் கைக்கு வரும். இத்தனை வருஷம் சேர்ந்த தொகை அது, விற்ற லாபத்துக்கான வரியின் பாரத்தை நன்றாகவே குறைக்கும்.

சரி, பத்துப் பதினைந்து வருஷமாகக் கழிக்கவே இல்லை என்றால்? பழைய ரிட்டர்னைத் திருத்தப் பொதுவாக மூன்று ஆண்டுதான் அவகாசம் என்பதால் பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ கழிக்காமல் விட்டிருந்தால் படிவம் 3115 இருக்கிறது. கணக்கு முறையை மாற்றுவதாகச் சொல்லி, விட்டுப்போன தேய்மானம் முழுவதையும் ஒரே ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம். தொடர்ந்து இரண்டு ஆண்டு விட்டிருந்தாலே போதும், எத்தனை வருஷம் பின்னோக்கிப் போகிறது என்பது தடையில்லை. வீட்டை விற்கும் ஆண்டிலும் செய்யலாம். ஆனால் படிவம் எளிதானதில்லை, இதை ஏற்கெனவே செய்து பழகிய சிபிஏவிடம் (உரிமம் பெற்ற கணக்காளரிடம்) கொடுங்கள், அந்தக் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

27.5 ஆண்டு முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கவும் கூடாது. நடுவில் கூரை மாற்றியிருந்தால், அது மாற்றிய நாளிலிருந்து அதற்குத் தனியாக 27.5 ஆண்டு ஓடும். ஃபிரிட்ஜ், அடுப்பு போன்றவற்றுக்கு 5 ஆண்டு. ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், வீட்டை விற்று அந்த ஆண்டு ரிட்டர்ன் போட்ட பிறகும் சில வருஷம் வேண்டும்.

வயதான பெற்றோர் பேரில் இருக்கும் வாடகை வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் காலத்துக்குப் பிறகு வாரிசுக்கு வந்தால், அன்றைய சந்தை மதிப்பே புது அடக்கவிலை, அதாவது பின்னால் விற்கும்போது லாபத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் விலை. அதுவரை கழித்த தேய்மானத்துக்கான 25 சதவீத வரியும் அதோடு போய்விடும். அதே வீட்டை உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்குப் பரிசாக எழுதிக் கொடுத்தால், தேய்ந்துபோன பழைய அடக்கவிலையும் சேர்ந்தே கைமாறும். பாசத்தில் அவசரப்பட்டுப் பத்திரத்தில் பெயர் மாற்றும் முன் இதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.